குழாய்க்கு ஏது மூலை?

மரம் அறுப்பதில் அந்தமானுக்கு நீண்ட வரலாறு உண்டு. போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டி, பாலத்தால் இணைக்கப்பட்ட சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை, படாக் மரத்தைப் பலகை பலகையாக அறுத்துத் தள்ளியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு காட்டில் கோடரியின் வேகம் குறைந்துவிட்டது. ஆனாலும் பலகையை நேராக அறுப்பது தீவுக்காரர்களுக்குப் பெரிய வித்தையல்ல. பலகைக்கு மூலை உண்டு. மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டால் வேலை பாதி முடிந்தது.

அதே ஊரில் ஒருவர் சொந்தமாக சப்-ஊஃபர் பெட்டி செய்ய உட்காரும்போதுதான் சிக்கல். பெட்டியின் பலகைகள் கச்சிதமாகப் பொருந்திவிடும். கடைசியில், காற்று போய்வர வைக்கும் 4 இஞ்ச் பிவிசி குழாயைக் கையில் எடுத்ததும் தடுமாற்றம் ஆரம்பிக்கும். உருண்டைக் குழாய்க்கு ஏது மூலை? மட்டத்தை எங்கே வைப்பது? கண்மதிப்பில் ஹேக்ஸாவை ஓட்டினால் தொடங்கிய இடம் ஒன்று, முடியும் இடம் வேறொன்று.

சென்னையில் இது சில்லறைப் பிரச்சினை. குழாய் கெட்டால் தெருமுனைக் கடையில் இன்னொரு துண்டு கிடைக்கும். அந்தமான் சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி இருக்கிறது. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். 20 அடி பிவிசி குழாயும் அப்படித்தான் கடல் தாண்டி வருகிறது. கப்பல் கூலியும் அதன் விலையில் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர் வாழும் இத்தீவுகளில், நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று மைக் செட்டுக்கு வேலை இருக்கும் சமூகம். நாளை விழா என்னும்போது இன்று குழாயைக் கோணலாக வெட்டிவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க முடியாது.

பாட்டுப் பெட்டிக்குள் குழாய்க்கு என்ன வேலை? காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒலி வருகிறதல்லவா, அதே வேலைதான். கழுத்தில் உள்ள காற்று எடைக்கல்லாகவும், உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகவும் செயல்பட்டு ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிரும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த விஷயம் இது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ், ஸ்பீக்கர் பெட்டியில் இதைப் பயன்படுத்த 1932இல் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் கணக்குகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். இன்றைய பெட்டிகளெல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள்.

ஓர் உதாரணம். பெட்டியின் கொள்ளளவு 60 லிட்டர், குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குழாயின் நீளம் 20 செ.மீ. என்றால் சுருதி ஏறத்தாழ 38 ஹெர்ட்ஸ். 15 செ.மீ. என்றால் சுமார் 42 ஹெர்ட்ஸ். அதாவது 5 செ.மீ. மாறினால் 4 ஹெர்ட்ஸ்தான் மாறுகிறது. ஓரிரு மில்லிமீட்டர் கோணலை எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு எதற்காக நேராக வெட்ட வேண்டும்? சுருதிக்காக அல்ல, ஒட்டுவதற்காக. குழாயின் விளிம்பு பலகையின் முகத்தோடு சமமாக உட்கார வேண்டும். கோணலாக இருந்தால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் சந்து விழும். பெட்டிக்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தச் சந்து வழியே காற்று சீறும். பாட்டில் தவில் அதிர வேண்டிய இடத்தில் 'புஸ்' என்ற சத்தம் கேட்கும். பணம் கொடுத்து வாங்கிய ஊஃபர் நல்லதாக இருந்தும் பெட்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்.

இதற்கு மருந்து ஒரு துண்டுக் காகிதம். 110 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 34.5 செ.மீ. ஏ-4 தாளின் நீளம் 29.7 செ.மீ.தான், போதாது. மாதக் காலண்டர் தாளோ மடித்த செய்தித்தாளோ போதும். நேரான விளிம்புள்ள அந்தத் தாளைக் குழாயைச் சுற்றி ஒன்றரைச் சுற்றாவது இறுக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றி வந்த விளிம்பு தன்மேலேயே துல்லியமாகப் படிந்தால், அந்த வட்டம் குழாயின் நீளத்துக்குச் சரியான செங்குத்து. சற்றே சாய்ந்திருந்தாலும் விளிம்பு திருகாணியின் மரைபோல விலகி, தவறை உடனே காட்டிக் கொடுத்துவிடும். சரியாகப் படிந்ததும் டேப் ஒட்டி, விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் சுற்றிலும் கோடு போடலாம்.

அடுத்தது அறுப்பு. ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஹேக்ஸா பிளேடு மெல்லியது. ஆழம் போகப் போக வளைந்து வழி தவறும். முதலில் குழாயைச் சிறிது சிறிதாக உருட்டி, கோட்டின் மேல் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் போட வேண்டும். பிறகு அதே பள்ளத்தில், உருட்டிக்கொண்டே ஆழப்படுத்த வேண்டும். இஞ்சுக்கு 24 பல் உள்ள பிளேடு நல்லது. இரண்டு கட்டைகளை 'வி' வடிவில் ஆணியடித்து அதில் குழாயைப் படுக்க வைத்தால் நழுவாது.

கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டே அறுப்பது புத்திசாலித்தனம். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். சமதளமான கண்ணாடி மேலோ கிரானைட் மேலோ தாளை விரித்து, குழாயை நிமிர்த்தி வட்டமாகத் தேய்த்தால் விளிம்பு மட்டமாகிவிடும். இப்போது அதே கண்ணாடி மேல் குழாயை நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். உள்விளிம்பின் கூர்மையை அரத்தால் மழுக்கிவிட்டால் காற்றின் இரைச்சலும் குறையும். தூசு மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பிவிசியை நெருப்பில் காட்டவே கூடாது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுவாயு கிளம்பும். உள்ளே போகும் முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி விடுவது அவசியம்.

அந்தமானில் இந்தக் கைத்திறனுக்குப் பாட்டைத் தவிர இன்னொரு பயனும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் இத்தீவுகளில், கோடை வந்தால் குடிநீருக்குத் தட்டுப்பாடு. கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவருவதும் இதே 4 இஞ்ச் குழாய்தான். கோணலாக வெட்டிய குழாய் கப்ளிங்குக்குள் ஒரு பக்கம் அரைகுறையாகவே இறங்கும்; சால்வென்ட் சிமென்ட் எவ்வளவு பூசினாலும் அந்த இணைப்பு பலவீனம்தான். ஸ்பீக்கர் பெட்டியில் கசிந்தால் போவது பாட்டின் சுகம். கூரைக்குழாயில் கசிந்தால் போவது மார்ச் மாதத்துக்கான குடிநீர். இரண்டையும் காப்பாற்ற ஒரு பழைய காலண்டர் தாள் போதும்.