பழைய துவக்கை விலை பேசுமுன்

பழம்பொருள் ஒன்றைக் கண்டவுடன் மனிதனுக்கு இரண்டு ஆசைகள் பிறக்கின்றன. அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அது தான் எண்ணிய அளவுக்குப் பழையதாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது ஆசை கைப்பொருளைக் கரைக்கும். இரண்டாவது ஆசை கண்ணையே மறைத்துவிடும். அண்மையில் காரைதீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் தொடங்கிக் கல்முனையில் முடிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால், நேயர்கள் இதன் உண்மையை உணர்ந்துகொள்வர்.

என் தங்கையின் மகன் கத்தார் நாட்டில் ஏழாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன். ஒருநாள் மாலை பரபரப்போடு வந்தான்.

“மாமா, கல்முனையில் ஒரு காக்காவின் வீட்டிலே ஒல்லாந்தர் காலத்துக் கைத்துவக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு இலட்சம் சொல்கிறார். வெளிநாட்டார் கண்டால் பத்து இலட்சமும் தருவார்களாம். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.”

அவன் கையிலிருந்த இரண்டு இலட்சம், தாயின் வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று ஒதுக்கி வைத்த பணம் என்பதை நான் அறிவேன். மாரி தொடங்க இரண்டு மாதமே இருந்தது. ஆயினும் ஆசை கொண்டவனிடம் கூரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. “வா, மருமகன், பார்ப்போம்” என்று புறப்பட்டேன். மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் கடந்து கல்முனையை அடைந்தோம்.

காக்கா எழுபது வயதைத் தாண்டியவர், நேர்மையான மனிதர். தேநீர் தந்து உபசரித்தபின், உள்ளே சென்று துணியில் சுற்றிய பொருளைக் கொண்டுவந்தார். அவர் அவிழ்த்து வைத்த மாத்திரத்தில், ஆறு வயதுப் பேரன் ஓடிவந்து அதைத் தூக்கி, முற்றத்துப் பூனையைக் குறிபார்த்தான். காக்கா சிரித்தார்.

“பயப்படாதீங்க தம்பி. என் மூத்தவாப்பா காலத்திலிருந்து சும்மா கிடக்கிற சாமான். இதிலே ஒன்றும் இல்லை.”

அந்தச் சிரிப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. பிள்ளையின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டேன்.

பழைய துவக்கு எதுவாயினும், அதனிடம் மூன்று கேள்விகளை முறைப்படி கேட்டல் வேண்டும். உன் வயிறு வெறுமையா? உன் வயது என்ன? நீ எவ்வழியாக இங்கு வந்தாய்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின்னரே நான்காவது கேள்வியாகிய விலையைப் பேசலாம். நம்மவரோ நான்காவதையே முதலாவதாகக் கேட்கின்றனர்.

வாய்வழியாக மருந்திட்டுச் சுடும் பழைய துவக்கின் வயிற்றை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து, குதிரையையும் விசையையும் தொடாமல், மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விடவேண்டும். இரும்புக் கம்பி ஆகாது. முகத்தையோ உடலையோ வாய்க்கு நேரே வைத்தலும் ஆகாது. கோல் நின்ற இடத்தில், குழல்வாய் மட்டத்தில் ஓர் அடையாளம் இடவேண்டும். பின்பு கோலை எடுத்துக் குழலின் வெளிப்புறத்தோடு ஒட்டி அளந்தால், அதன் நுனி குழலின் அடிவரை, அதாவது தீ உட்செல்லும் துளை இருக்கும் இடம் வரை, எட்டவேண்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கின்றது என்பது பொருள்.

எங்கள் கோல் எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது.

யாரும் பேசவில்லை. காக்கா பேரனை இழுத்து அணைத்துக்கொண்டார். உள்ளே இருப்பது குளவி கட்டிய மண்ணாகவும் இருக்கலாம். மருந்தும் ஈயமுமாகவும் இருக்கலாம். ஈரம் படாத வெடிமருந்து ஆண்டுகள் பல சென்றாலும் தன் குணத்தை இழப்பதில்லை. அதைத் தோண்டி எடுத்துப் பார்ப்பது வீட்டில் செய்யத்தக்க வேலையன்று. சுட்டுப் பார்ப்பதோ அதனினும் பெரும் மடமை.

மருந்துக்குத் தீ மூட்டும் செப்புக் கேப்பு அதன் இடத்தில் இல்லை என்பதைக் கண்டபின், துவக்கை முற்றத்து மண்மேட்டை நோக்கி ஒரு பலகையின்மேற் கிடத்தினேன். எல்லாரையும் பின்னே நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியும் கண்களுமாக இரண்டாவது கேள்விக்குச் சென்றேன்.

ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியது 1638ஆம் ஆண்டு. இலங்கையின் கரைநாடுகளை ஆங்கிலேயரிடம் அவர்கள் முற்றாக இழந்தது 1796இல். அக்காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கையாண்ட துவக்குகள் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கியவை. குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் கல் உருக்குத் தகட்டில் உரசித் தீப்பொறி எழுப்பும். பொறி ஒரு சிறு கிண்ணத்து மருந்தில் விழுந்து, துளைவழியே உட்சென்று வெடிக்கச் செய்யும். கிண்ணத்தில் எழும் அந்த முதற்பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதை வெறுத்த அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் இரசாயன மருந்தைக் கொண்டு வேறொரு முறையை அமைத்து, 1807இல் அதற்கு உரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே செப்புக் கேப்பு முறை. அது 1820ஆம் ஆண்டுகளிலேதான் பரவலாயிற்று.

காக்காவின் துவக்கில் கல்லைக் கவ்வும் வாயும் இல்லை. மருந்துக் கிண்ணமும் இல்லை. கேப்பு மாட்டும் முலைபோன்ற உறுப்பே இருந்தது.

“அப்படியானால் இது ஒல்லாந்தர் காலத்தது இல்லையா, மாமா?” என்றான் மருமகன்.

“பொறு. பழைய கல்துவக்குகளைப் பிற்காலத்தில் கேப்புத் துவக்குகளாக மாற்றியதும் உண்டு. மாற்றியிருந்தால் கிண்ணம் இருந்த இடத்தில் அடைத்த திருகாணித் துளைகள், ஒட்டுப் போட்ட இரும்பு என்று ஏதேனும் ஒரு தழும்பு தெரியும்.”

தழும்பு எதுவும் தெரியவில்லை. குழலின் அடியில், அழுக்குக்குள்ளே, நீள்வட்டத்துள் மூன்று எழுத்துக்களும் ஒரு நட்சத்திரமும் தென்பட்டன. ஈ, எல், ஜி என்னும் அவ்வெழுத்துக்கள் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை. உறுதியை அறியும்பொருட்டு மிகுமருந்திட்டுச் சுட்டுப் பார்த்துத் தேறிய குழல்களுக்கே அதைப் பொறிப்பர். நீள்வட்டத்தின்மேல் ஒரு சிறு முடியும் இருந்தது. அம்முடி 1893இலேதான் முத்திரையில் சேர்க்கப்பட்டது. எனவே இத்துவக்கு அந்த ஆண்டுக்கு முன் சோதனை பெற்றதன்று. ஒல்லாந்தர் போய் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்தே இது பிறந்திருக்கின்றது! கடல் கடந்த சந்தைகளுக்காக மலிவான துவக்குகளை ஏராளமாகச் செய்து அனுப்பிய நகரம் லியேஜ். காக்கா பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். இரும்பு மட்டும் வேறு கதை சொல்லிற்று.

மாணவர்கள் வேறு சில முத்திரைகளையும் அறிந்துவைத்தல் நன்று. இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் நகரத்துச் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் அமைந்தது. இவ்விரு இடங்களும் தத்தம் முத்திரைகளைக் குழலில் இட்டன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியார் ஏறக்குறைய 1808 வரை இதய வடிவிலான அடையாளத்தையும், பின்னர் எழுந்து நிற்கும் சிங்கத்தையும் பொறித்தனர். ஒல்லாந்தக் கும்பனியின் அடையாளம் வீ, ஓ, சீ என்ற மூன்று எழுத்துக்களின் பின்னல். ஆனால் முத்திரையும் பொய் சொல்லக்கூடும். வடமேற்கெல்லையில், கைபர் கணவாய்ப் பகுதியில், உள்ளூர்க் கொல்லர் ஆங்கிலத் துவக்குகளைப் பார்த்து அப்படியே செய்தனர். அவற்றில் விக்டோரியா அரசியாரின் முத்திரையும் அதன் கீழே 1901க்குப் பிந்திய ஆண்டும் இருப்பதுண்டு. அரசியார் மறைந்ததே 1901இல். ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் வெட்டியமையால் சில எழுத்துக்கள் தலைமாறியும் நிற்கும். ஆகவே முத்திரையை மட்டும் நம்பாது, மரம் இரும்போடு பொருந்தும் விதம், திருகாணித் தலைகளின் தேய்வு, துருவின் நிறம் ஆகிய எல்லாம் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்று நோக்கவேண்டும். மினுக்கித் துலக்குதல் கூடவே கூடாது. துருவோடு சாட்சியமும் போய்விடும்.

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. இதற்கு ஒரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. லெவுகே திசாவை கண்டி மன்னருக்கு அளித்ததாகக் கூறப்படும், பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கியொன்றை, 1765இல் கண்டியைத் தாக்கிய ஒல்லாந்தர் கவர்ந்து சென்றனர். அது அம்ஸ்ரடாம் நகரத்து அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் கண்ணாடிக்குள் இருந்தது. வந்தவர் யாவரும் அதன் அழகைக் கண்டனர். அது வந்த வழியை அறிஞர் பொறுமையோடு ஆராய்ந்து நிறுவியபின், 2023இல் அது இலங்கைக்கே திரும்பிவந்தது. அதனோடு வாள்களும் கத்தியும் இரண்டு துவக்குகளும் வந்தன. ஒரு பொருளின் வரலாறு தெரிந்தபோது, அது யாருக்கு உரியது என்பதே மாறிவிட்டது.

சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பழையது, வெடிக்காது என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுதல் ஆகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமோ, 1815 மார்ச்சு 2ஆந் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கின்றது; அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது.

இதை எடுத்துச் சொன்னபோது மருமகன் முகம் வாடினான்.

“பார், மருமகன். காக்கா சொன்னது மெய்யானால் இது தொல்பொருள். நீ எண்ணிய வெளிநாட்டாருக்கு இதை அனுப்ப முடியாது. காக்கா சொன்னது பிழையானால் இது வெறும் துவக்கு. உரிமமில்லாமல் வீட்டில் வைக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் பத்து இலட்சம் இல்லை.”

துவக்கின் ஓசையைப் பல்லாண்டு கேட்டு வாழ்ந்த கரை இது. உரிமமற்ற ஆயுதமொன்று வீட்டில் அகப்பட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை இங்கு எவருக்கும் விரித்துரைக்க வேண்டியதில்லை. காக்கா சற்றுநேரம் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விலையை விடுங்க தம்பி. பேரப்பிள்ளைகள் எத்தனை முறை இதைத் தூக்கி விளையாடின!” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே அவர் தாமாகப் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். பத்து நாள் கழித்து அவர் எனக்குச் சொல்லியனுப்பிய செய்தி இதுதான்: குழலுக்குள் இருந்தது குளவி மண் அன்று, கந்தைத் துணி அடைத்த மருந்தும் ஈயச் சன்னங்களும்.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன பழந்தமிழ் யாழின் வடிவத்தை அறியப் பல்லாண்டு முயன்று, 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கண்ணாற் காண இயலாத ஒரு கருவியைச் சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் அவர். கண்முன்னே கிடக்கும் ஒரு கருவியை அரைநாள் பொறுத்து ஆராய நம்மால் இயலாதா?

தங்கையின் வீட்டுக்கு இப்போது புதுக்கூரை போட்டாகிவிட்டது. மாரியின் முதல் மழையன்று அந்த விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.