பேதி நின்றால் போதுமா?

"மாதுளை ஓட்டுக் கஷாயம் பேதியை நிறுத்துகிறது, ஓ.ஆர்.எஸ். நிறுத்துவதில்லை, ஆகவே மூலிகையே மேல்" என்ற வாதம் நோயையே தவறாகப் புரிந்துகொள்கிறது. கடும் வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது உடலை விட்டுப் போகும் நீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பேதியை நிறுத்த வந்த மருந்தே அல்ல; இழந்ததை ஈடுகட்ட வந்தது. அதிலுள்ள குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கையில் சோடியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. பின்னாலேயே நீரும் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல், வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

மாதுளை ஓட்டின் துவர்ப்பு மலத்தைச் சற்று இறுக்கலாம். இழந்த சோடியத்தை ஈடுகட்டாது. மலம் இறுகியதும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். குழந்தையின் கண் குழிந்திருப்பதும், அழுதால் கண்ணீர் வராததும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லக் கலைவதும் கண்ணில் படுவதில்லை. குழந்தைக்குப் பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும் இதே தவறுதான். மாத்திரை என்பதால் அது சரியாகிவிடாது.

தாவரம் என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. தென் அமெரிக்க மரம் ஒன்றின் செந்நிறப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர், சோதனைகளைத் தாண்டி, எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களின் வயிற்றுப்போக்குக்காக 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்ஸுடன் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள் வரை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் கண்டாலோ, குடிக்கவே முடியாமல் குழந்தை துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.