குமிழைத் திருகினால் போதும்

விற்பனைத் துறையில் இருப்பவனைப் பொறாமைப்பட வைக்கும் பொருட்கள் சிலவே. அவற்றிலொன்று, முன்பு எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட சரிகம நிறுவனம் 2017இல் சந்தைக்கு விட்ட 'கார்வான்'. பார்வைக்கு அந்தக்கால வானொலிப் பெட்டி. தமிழ்ப் பெட்டிக்குள் 5000 பாடல்கள்.

கைத்தொலைபேசியில் இதைவிடக் கூடுதலாகச் சும்மாவே கிடைக்குமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு என்று எல்லோரும் போனபின், ரோவில் வீட்டில் தனித்திருக்கும் அம்மம்மாவுக்குக் கடவுச்சொல் தெரியாது, ஆங்கிலமும் ஓடாது. இந்தப் பெட்டி அவரிடம் எதையும் கேட்பதில்லை. குமிழைத் திருகினால் சுசீலா பாடுவார். இடையில் விளம்பரமும் இல்லை (இதை நான் புகழ்வது வேடிக்கைதான்!).

ஒரு குறை: அந்த நிறுவனத்திடம் உரிமையுள்ள பாட்டுகள்தான் அதில் வரும். அவுஸ்திரேலியாவில் குடியேறிய நித்தி கனகரத்தினத்தின் பொப்பிசை வேண்டுமென்றால் பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுங்கள், செருக இடமுண்டு.