விண்ணப்பித்தவர் எத்தனை என்பது இருக்கட்டும், சேர்ந்தவர் எத்தனை?

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஒரே மாதிரிச் செய்தி வரும்: அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர இத்தனை லட்சம் பேர் விண்ணப்பம், இடங்களுக்குக் கடும் போட்டி. 2023இல் 164 அரசுக் கல்லூரிகளில் 1,07,299 இடங்கள் இருந்தன. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 2.46 லட்சம் பேர். கலைப் படிப்பை மதிக்கிறார்கள் என்று மகிழலாம்தான். ஆனால் வல்லக்கோட்டை, ஒரகடம், வல்லம் பக்கத்துச் சேரிகளில் பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களுக்கு இந்த எண் பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கு இரண்டு கணக்கு உண்டு. விண்ணப்பித்த நூறு பேரில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது ஒன்று. இடம் கிடைத்த நூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்ந்தார்கள் என்பது மற்றொன்று. அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டையும் வெளியிடுகின்றன. ஹார்வர்டு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கே இடம் தருகிறது. இடம் கிடைத்த நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிடுகிறார்கள். அங்குள்ள சிறிய கலைக் கல்லூரிகள் பலவற்றில் பாதிப் பேர்கூடச் சேர்வதில்லை. முதல் எண் கல்லூரி யாரை உள்ளே விடுகிறது என்று சொல்கிறது. இரண்டாவது எண், உள்ளே வரச் சொன்னபிறகு யாரால் வர முடிகிறது என்று சொல்கிறது.

எண் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அங்கிருந்தே ஒரு உதாரணம். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் புதிய மாணவர்களில் கறுப்பினத்தவர் 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகச் சரிந்தார்கள். கல்லூரி வெளியிட்ட எண்ணை வைத்தே உலகம் அதைக் கேள்வி கேட்டது.

நம் ஊருக்கு வருவோம். அரசுக் கல்லூரியில் 60 இடம் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதத்தில் பட்டியல் சாதிகளுக்கு ஏறத்தாழ 11 இடம். அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீதம் 2 இடம். 31 சதவீதப் பொதுப்போட்டி இடங்கள் எல்லோருக்கும் உரியவை. அதில் மதிப்பெண்ணால் இடம் பிடிக்கும் நம் பிள்ளையைப் பொதுப்போட்டியில்தான் கணக்கு வைக்க வேண்டும், இந்த 11க்குள் தள்ளக் கூடாது. காகிதத்தில் இவ்வளவும் சரியாக இருக்கிறது. கேள்வி அடுத்த கட்டத்தில் வருகிறது. அந்த 11 இடத்துக்கு அழைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் கலந்தாய்வு நாளில் கல்லூரி வாசலுக்கு வந்தார்கள்?

விண்ணப்பிப்பது எளிது. மற்றவர்களுக்கு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் 2 ரூபாய் பதிவுக் கட்டணமும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். அது நல்ல ஏற்பாடு. சேர்வதுதான் கடினம். அழைப்பு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அந்தக் கைப்பேசி அப்பாவுடையது, அவர் வேலைக்குப் போயிருப்பார். வல்லக்கோட்டைப் பிள்ளை சிங்கப்பெருமாள் கோவில் போய், அங்கிருந்து செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்குப் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நகல்கள், புகைப்படம் எல்லாம் அன்றே கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தரவரிசை அடுத்தவருக்குப் போய்விடும். வராத பிள்ளையை யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. "விருப்பமில்லை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அதே ஜூன் மாதத்தில் இன்னொரு அழைப்பும் வருகிறது. இந்தத் தடத்தில் கார் ஆலையும் டயர் ஆலையும் கைப்பேசி ஆலையும் நெருக்கமாக நிற்கின்றன. பிளஸ் டூ முடித்த கை அவற்றுக்கு வேண்டும். ஒப்பந்தக்காரர் தெருவுக்கே வருகிறார், கம்பெனிப் பேருந்து முனையிலேயே ஏற்றிக்கொள்கிறது, முதல் மாதமே சம்பளம். புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நாங்கள் அவற்றை வரவேற்கிறோம், பல பெண்கள் அதனால் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்தபிறகு வருவது. கடன் உள்ள வீட்டில் ஒப்பந்தச் சம்பளம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அந்த வீட்டைப் பார்த்து "படிப்பின் அருமை தெரியாதவர்கள்" என்று சொல்பவர்களுக்கு வறுமை தெரியாது.

தொழிற்சாலை வேலையை நாங்கள் இழிவாகச் சொல்லவில்லை. பண்ணையார் வயலை விட்டு வெளியேற நம் மக்களுக்கு அது ஒரு வழி. ஆனால் ஒப்பந்த வேலை எத்தனை நாளைக்கு? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோது இந்தப் பகுதி பார்த்துவிட்டது. பட்டம் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம். பதினெட்டு வயதில் வந்த இடத்தை விட்டவருக்கு அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. பட்டியல் சாதியினருக்கு 39.4. இந்தியச் சராசரியைவிட இரண்டுமே மிக அதிகம், பெருமைப்படலாம். அந்த ஏழெட்டுப் புள்ளி இடைவெளி எங்கே உருவாகிறது? பள்ளியிலா, விண்ணப்பத்திலா, கலந்தாய்விலா, இரண்டாம் ஆண்டில் நின்றுபோவதிலா? மொத்த விகிதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அது கலை அறிவியல் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை வகுப்புகள் நடந்தன. மாணவர் ஏன் வரவில்லை என்று குறை சொல்லாமல், அவர் வரக்கூடிய நேரத்தில் கல்லூரி திறந்திருந்தது.

நாங்கள் கேட்பதும் அதுதான். ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் பிரிவு வாரியாக நான்கு எண்களை வெளியிடட்டும்: விண்ணப்பித்தவர், அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர், மூன்றாம் ஆண்டை முடித்தவர். கலந்தாய்வுக்கு வராத பட்டியலின, பழங்குடி மாணவரின் இடத்தை மாற்றும் முன் அவர் வீட்டுக்கும் அவர் படித்த பள்ளிக்கும் பேசட்டும். குறைந்த சான்றிதழுக்கு ஒரு வாரம் தவணை கொடுக்கட்டும். ஆலைகளின் ஷிப்டுக்கு ஒத்துவரும் நேரத்தில் இந்தத் தடத்தில் வகுப்புகள் நடக்கட்டும். சுயநிதிக் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்க 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. வருமான வரம்புக்குள் வருபவர் யாரும் அது தெரியாமல் திரும்பிவிடக் கூடாது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதி அரசுக் கல்லூரிக்குப் பத்து ரூபாய் முத்திரை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த நான்கு எண்களையும் கேளுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கைத் துறை வாரியாக, பிரிவு வாரியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். காலியான ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிள்ளையின் பெயர் உண்டு, அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று நம் கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும்.