வலிக்கு மருந்து கேட்பவன் குற்றவாளியா?

மருந்தகத்து முகப்பில் நிகழும் பூசல்களைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளில் பேச்செழும்போதெல்லாம் தீர்ப்பு ஒன்றாகவே இருக்கக் காண்கிறேன். "கொடுத்த மருந்து தீருமுன்னே மீண்டும் கேட்டு வருகிறான் என்றால் அவன் அதற்கு அடிமையாகிவிட்டான், மருந்தாளுநர் மறுத்ததே முறை" என்று கற்றறிந்த அன்பர்கள் கூறுகின்றனர், கூறிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்து வகுப்புக்குச் செல்கின்றனர். வலியால் வாடும் ஒரு மனிதனை இரண்டே வாக்கியங்களில் கூண்டில் ஏற்றிவிடும் இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை. அது கணக்கிலும் பிழை, மருத்துவத்திலும் பிழை. மொழியிலும் பிழை என்பதால், தமிழாசிரியர்களாகிய நாம் அதில் வாளாவிருக்க இயலாது.

கணக்கை முதலில் பார்ப்போம். மருத்துவர் 30 மாத்திரைகள் எழுதுகிறார். உறையின்மேல் "ஒரு மாத்திரை, நாளொன்றுக்கு 3 வேளை, தேவைப்படும்போது" என்று மலாயில் அச்சாகிறது. மருத்துவர் மனத்தில் இருப்பது ஒரு மாதக் கணக்கு. வலி மிகுந்த நாளில் மட்டும் ஒன்று என்பது அவர் எண்ணம். நோயாளியின் கையிலுள்ள உறையோ நாளுக்கு 3 வரை இசைவு தருகிறது. 30ஐ 3ஆல் வகுத்தால் 10. நம் மூன்றாம் ஆண்டு மாணவன் இதனை மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். பதினோராம் நாள் காலையில் வெற்று உறையோடு வந்து நிற்பவரிடம், "இன்னும் 20 நாள் இருக்கிறது" என்று கணினியைப் பார்த்துச் சொல்கிறார் மருந்தாளுநர். இருவரும் தத்தம் தாளின்படி சரியாகவே நடந்திருக்கின்றனர். பிழை, 'தேவைப்படும்போது' என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அதன் எல்லையை எழுதாமற் போன எழுதுகோலினுடையது. அந்த எழுதுகோலைப் பிடித்தவர் அங்கே இல்லை. ஏச்சும் பேச்சும் முகப்பின் இருபுறமும் நிற்கும் இருவருக்கே வந்து சேர்கின்றன.

வேறு காரணங்களும் உண்டு. தீபாவளிக்கு மகன் வீட்டுக்குப் போகும் மூதாட்டி மூன்று நாள் முன்னதாகவே வந்து கேட்பார். நோய் முற்றியிருக்கலாம், முன்பு ஒரு மாத்திரைக்கு அடங்கிய வலி இப்போது இரண்டுக்கும் அடங்காமல் இருக்கலாம். இவற்றையெல்லாம் கேட்டறியாமல் நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வட்டாரத்தில் ஒரு முதியவர். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். முதுகெலும்பு தேய்ந்து, நிமிர்ந்து நடக்க இயலாத நிலையில் இருக்கிறார். மருந்தகத்தில் தமக்குத் தெரிந்த மலாயில், "ஊபாட் குவாட்" வேண்டும் என்றார். வலுவான மருந்து என்பது அவர் கருதிய பொருள். அங்காடி வழக்கில் அத்தொடருக்கு வேறொரு பொருளும் உண்டு. அதனை விளக்குவது இக்கட்டுரைக்கு அழகன்று. முகப்பிலிருந்த இளம்பெண்கள் சிரித்தனர். பின்னர் அவர் மாத்திரைப் பெயரைச் சொல்ல முயன்றபோது சிரிப்பு ஐயமாக மாறியது. "பெயர் தெரிந்து கேட்கிறாரே!" என்பது அந்த ஐயம். பெயர் தெரியாவிட்டால் அறிவிலி, தெரிந்துவிட்டால் போதையர் என்றால், ஏழை நோயாளி எப்படித்தான் பேசுவது? தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸர் ஐயாவிடம் "இடுப்பு கழண்டு விழுது சாமி" என்று தமிழிலேயே சொல்லி மருந்து பெற்றுப் பழகிய தலைமுறை அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அவர்கள் பட்டணத்துக்கு வந்தபின் அந்தச் செவி இல்லை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். வலிநீக்கிகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. பாராசிட்டமோல் ஒருவகை. மெஃபெனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி நீக்கிகள் மற்றொரு வகை. அபினிலிருந்து பெறப்படும் மார்பின், கோடைன் முதலியனவும், செயற்கையாகச் செய்யப்படும் டிரமடோல் முதலியனவும் பிறிதொரு வகை. நடுவில் சொன்ன அழற்சி நீக்கிகள் போதை தருவனவல்ல; ஆயினும் இரைப்பையைப் புண்ணாக்குவதும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவரின் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் அவற்றால் நேரும். நம் மக்களிடையே நீரிழிவு எவ்வளவு மலிந்துள்ளது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருந்தாளுநர் மறுக்கும்போது, அம்மறுப்பு சிறுநீரகத்தைக் காக்கும் கருணையாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதனை அவர் சொல்வதில்லை. "முடியாது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார். கேட்டவர் அவமானத்தோடு வெளியேறி, அடுத்த தெருவிலுள்ள வேறொரு கடையில் வேறொரு பெயரில் அதே மருந்தை வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார். சொல்லாத காரணத்தால் விளைந்த தீங்கு இது.

மார்பின் இனத்து மருந்துகளில்தான் அடிமை என்னும் சொல் முழங்குகிறது. தமிழாசிரியர்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு நிலைகளை நாம் இந்த ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம். நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் உடல், அதனைத் திடீரென நிறுத்தினால் நடுங்கும், வியர்க்கும், வயிறு போகும், இது உடற்சார்பு. பழைய அளவு போதாமற் போவது தாங்குதிறன். கேடு விளைவது தெரிந்தும் அடக்க முடியாமல் அதனைத் தேடி அலைவதே அடிமை நிலை. முதல் இரண்டும் மருத்துவர் சொற்படி நடக்கும் ஒழுக்கமான நோயாளிக்கும் வரும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியல் நூல் 1987ஆம் ஆண்டுப் பதிப்பில் அடிமை நிலைக்கே 'சார்பு' என்று பெயரிட்டிருந்தது. வலிநோயாளிகள் அதனால் போதையராகக் கருதப்பட்டனர் என்ற குறை எழுந்து, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெயர் கைவிடப்பட்டது. ஒரு சொல்லைத் திருத்த 26 ஆண்டுகள்!

"அமெரிக்காவில் நடந்ததை அறியீரோ?" என்று எதிர்வாதம் புரிவோர் கேட்பர். அறிவேன். 1996இல் ஆக்ஸிகொன்டின் என்னும் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ நிறுவனம், அதன் அடிமைப்படுத்தும் இயல்பைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் மீண்டும் வேறு குற்றங்களை ஒப்புக்கொண்டது. 2021இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வின மருந்துகள் மிகையாகி மாண்டனர். கொடுமைதான். ஆனால் அந்த மரணங்களிற் பெரும்பாலானவை கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட ஃபென்டனைலால் நேர்ந்தவை. மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்ற மூட்டுவலிக்காரரால் நேர்ந்தவை அல்ல.

அதே அமெரிக்காவின் கதையை எதிர்வாதியர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். பிற்பாதி இது. ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகளை ஒரே சீட்டில் ஆறு மாதத்துக்குள் 5 முறை வரை மீண்டும் பெறலாம் என்றிருந்த விதி, 2014 அக்டோபரில் மாற்றப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் புதுச்சீட்டு வேண்டும். 2016இல் நோய்த் தடுப்பு மையம், மருத்துவர்களுக்கு அறிவுரையாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அறிவுரையைக் காப்பீட்டாரும் மருந்தகங்களும் மாநில அரசுகளும் இரும்புச் சட்டமாக்கினர். பல்லாண்டுகள் ஒரே அளவில் நலமாக இருந்தோருக்கும் மருந்து திடீரென வெட்டப்பட்டது. அதனால் கடும் துன்பமும் தற்கொலையும் நேர்வதாக அந்நாட்டு உணவு மருந்து ஆணையமே 2019இல் எச்சரித்தது. வழிகாட்டியை எழுதியவர்களே தம் சொல் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக அதே ஆண்டில் எழுதினர். 2022இல் வழிகாட்டி திருத்தப்பட்டது. அதே 2022இல் பெரும் மருந்தக நிறுவனங்கள் இரண்டு, வழக்குகளைத் தீர்க்கத் தலைக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் தர இசைந்தன. இத்தகைய அச்சத்தில் நிற்கும் மருந்தாளுநர், ஐயமுள்ளவனையும் மறுப்பார், ஐயமற்றவனையும் மறுப்பார். வலியவர்கள் செய்த பிழைக்கு வலியுற்றவர்கள் தண்டம் செலுத்துகின்றனர்.

மருந்தாளுநர் எல்லாவற்றையும் கேட்டபடி அள்ளிக் கொடுக்க வேண்டும் என நான் கூறவில்லை. கோடைன் கலந்த இருமல் மருந்தைப் புட்டி புட்டியாகத் தேடிவரும் இளைஞர்களை நம் பள்ளிப் பக்கத்திலேயே கண்டிருக்கிறோம். நச்சுப்பொருள் சட்டமும் அபாயகர மருந்துச் சட்டமும் 1952 முதல் இந்நாட்டில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் மறுக்கச் சொல்லும் எந்தச் சட்டமும் இழிவுபடுத்தச் சொல்லவில்லை. ஐயம் எழுந்தால் சீட்டெழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். அவர் கிடைக்கும்வரை இரண்டு மூன்று நாளுக்கு என்ன செய்வது என்று சொல்லலாம். பிறர் செவியில் விழாதபடி ஓரமாக அழைத்துப் பேசலாம். ஏன் மறுக்கிறேன் என்று நோயாளி அறிந்த மொழியில் கூறலாம். கூடத் தெரியாவிட்டால், கூற வல்லவரை அழைக்கலாம். இவற்றுக்கு எந்த ஒதுக்கீடும் வேண்டா.

நம் பங்குக்கு வருகிறேன். பிப்ரவரி 19 தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி வைக்கிறோம், சுவரொட்டி வரையச் சொல்கிறோம். அந்தச் சுவரொட்டிகளில் ஹெரோயினுக்குப் பக்கத்திலேயே மார்பினையும் எழுதி மண்டையோடு வரைவதை நான் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன். மலாயில் 'டாடா' என்னும் சொல்லே முன்னர் மருந்துச் சரக்கையும் குறித்தது. இன்று அச்சத்தை மட்டும் குறிக்கிறது. உலக நாடுகள் 1961இல் செய்த போதை மருந்து உடன்படிக்கையே, வலியையும் துன்பத்தையும் தணிக்க இவை இன்றியமையாதவை என்று தன் முகவுரையில் ஒப்புகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த புற்றுநோய் வலிப் படிகளில் மேற்படியில் நிற்பது மார்பின் வகைதான். வலி வந்து அலறும்வரை காத்திராமல், மணி பார்த்துக் கொடுக்கச் சொல்கிறது அது. உலகில் பங்கிடப்படும் இவ்வின மருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 298.5 டன் எனவும், அதில் மிக வறிய நாடுகளுக்குச் சேர்வது 0.1 டன் மட்டுமே எனவும் லான்செட் இதழின் ஆய்வுக் குழு 2017இல் கணக்கிட்டது.

மண்டையோடு வரைந்து பரிசு பெற்ற மாணவன் வீட்டில், நாளை அவன் பாட்டிக்கு அந்த மருந்தே எழுதிக் கொடுக்கப்படலாம். உறையிலுள்ள மலாயை அவ்வீட்டில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. "எத்தனை மணிக்குடா கொடுக்கணும்?" என்று அவன் தாய் அவனைத்தான் கேட்பாள். அடுத்த பிப்ரவரியில் போட்டித் தலைப்பைக் குறிக்க அமரும் ஆசிரியர்கள், அந்தப் பட்டியலில் மார்பினை எங்கே எழுதப் போகின்றனர் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.