கொள்ளுத் தாத்தாவின் துப்பாக்கி: பரணில் இருப்பது பெருமையா, வழக்கா?

ஊரில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை விற்பதற்காகச் சுத்தம் செய்கிறார்கள். பரணில், பழைய போர்வைக்குள் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. "இதாண்டா உங்க கொள்ளுத் தாத்தா புலி சுட்ட துப்பாக்கி" என்கிறார் பெரியப்பா. பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் பேரன் முதலில் என்ன செய்வார்? தோளில் சாய்த்து ஒரு போட்டோ, அடுத்த நிமிடம் ஸ்டேட்டஸ்.

அந்த ஸ்டேட்டஸ் கிட்டத்தட்ட ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நிலம், நகை மாதிரி துப்பாக்கி தானாக வாரிசின் கைக்கு வந்துவிடாது. லைசென்ஸ் யார் பெயரில் இருந்ததோ, அவரோடு அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வீட்டில் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி சிறை வரை போகக்கூடிய குற்றம். "பழசுதானே, சுடவா போகுது" என்ற சமாதானம் ஸ்டேஷனில் எடுபடாது. காரில் போட்டு எடுத்துப் போவதும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம் என்றே நினைத்து, தொடாமல், முதலில் உள்ளூர் காவல் நிலையத்துக்கு போன் செய்வதுதான் சரி.

அங்கேயோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்டங்களில் ஆட்சியரிடம், மாநகரங்களில் காவல் ஆணையரிடம். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசைக் காட்டிவிடலாம். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

இந்த அலைச்சலுக்குப் பயந்து பலர் அப்படியே சரண்டர் செய்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் குடும்பத்தின் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் நஷ்டம்.

துப்பாக்கியிலேயே தகவல் இருக்கிறது. குழல் மேல் பொறித்த பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற பி.ஆர் அண்ட் சன்ஸ், வேட்டைத் துப்பாக்கிகளையும் தன் பெயர் போட்டு விற்றது. குழலின் அடியில் உள்ள சின்னச் சின்ன முத்திரைகள்தான் பிறந்த ஊரைச் சொல்லும்: கிரீடத்தோடு பி.வி., பி.பி. என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம், நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். டீலரிடம் ஒப்படைக்கும்போது அவரையே பார்க்கச் சொல்லி, சீரியல் எண்ணோடு குறித்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய புதையல் பழைய லைசென்ஸ் புத்தகம். யார், எந்த ஊர், என்ன காரணம் என்று எல்லாம் அதில் வரும். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் கட்டாகக் கிடக்கும். அவையும் குடும்ப வரலாறுதான்.

அந்தக் காகிதம் பெருமையை மட்டும் சொல்லாது. 1878 ஆயுதச் சட்டத்தின் காலத்தில் இந்தியர் ஒருவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்பது 1930-ல் காந்தி வைஸ்ராய் இர்வினிடம் வைத்த 11 கோரிக்கைகளில் ஒன்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு கிராமத்தில் ஒரே ஒரு வீட்டில் துப்பாக்கி இருந்தது என்றால், வெள்ளைக்கார அதிகாரி அந்த வீட்டை நம்பினார் என்று அர்த்தம். எதற்காக நம்பினார்? அந்தத் துப்பாக்கி காட்டுப்பன்றியை விரட்டியதா, குத்தகை கட்டாதவர்களை மிரட்டியதா? புலிக் கதைக்குள் இந்தக் கேள்வி வராது. பேரன்தான் கேட்க வேண்டும். பெரியப்பாவிடம் மட்டுமல்ல, அந்த வீட்டு வயலில் வேலை பார்த்த குடும்பங்களிடமும்.

பெரியப்பாவுக்கு இப்போது 78 வயது. ஸ்டேட்டஸ் போட எடுத்த போனிலேயே ரெக்கார்டரும் இருக்கிறது.