பொங்கல் நன்றி யாருக்கு?

தை பிறக்கப் போகிறதென்பதைத் தெரிந்துகொள்ளத் தாம்பரத்தில் இருப்பவர்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. பெருங்களத்தூர் முதல் வண்டலூர் வரையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மூட்டை முடிச்சுகளுடன் நிற்கிற ஜனக்கூட்டமே அதைச் சொல்லிவிடும். 2023ம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டுத் தென் ஜில்லாக்களுக்குப் போகும் பஸ்கள் அங்கே மாற்றப்பட்ட பிறகு, கூட்டம் சற்று இடம் மாறியிருக்கிறதே ஒழியக் குறைந்தபாடில்லை. தாம்பரம் இரயிலடியைப் பற்றியோ சொல்ல வேண்டியதே இல்லை. இத்தனை பேரும் எங்கே போகிறார்கள்? திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் விழுப்புரத்துக்கும் தாய் தகப்பனைப் பார்க்கவும், கூடப் பிறந்தவர்களைப் பார்க்கவும், கூடப் படித்த சிநேகிதர்களைப் பார்க்கவும் போகிறார்கள். இதை நாம் குறை சொல்ல வரவில்லை. காசியிலும் இராமேஸ்வரத்திலும் போய் முழுகுவதைவிட, பெற்றவளைப் பார்ப்பதற்காகப் பத்து மணி நேரம் நின்றுகொண்டு பிரயாணம் செய்வது ஆயிரம் மடங்கு மேலானது என்பதே நமது அபிப்பிராயம்.

அன்றியும், பொங்கலானது மற்றப் பண்டிகைகள் பலவற்றைப்போல் ஒருவனை ஒருவன் கொன்றதற்காகக் கொண்டாடப்படுவதல்ல. பாடுபட்டு விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பொங்கித் தின்று, அதற்குக் காரணமாயிருந்தவர்களை நினைத்துக்கொள்வதற்கு ஏற்பட்டது. ஆகவே அதன் அடிப்படை நன்றிதான். நன்றி கெட்ட மனிதனை நாமும் விரும்புவதில்லை. ஆனால் ஒரு கடிதத்தை எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டால் மாத்திரம் போதுமா? மேல் விலாசம் சரியாயிருந்தாலல்லவா அது உரியவர் கையில் போய்ச் சேரும்? நம்மவர்களுடைய நன்றியெல்லாம் வருஷா வருஷம் விலாசம் தவறிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

இதற்குத் தாம்பரத்துக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2015ம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மாத்திரம் 49 சென்டி மீட்டர் பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரை புரண்டு, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து ஜனங்கள் மொட்டை மாடிகளில் ஏறி நின்றார்கள். கிறிஸ்துமசும் புது வருஷமும் பொங்கலும் வரிசையாக வரவிருந்த சமயம் அது. அப்பொழுது வந்தவர்கள் யார்? கடற்கரையிலிருந்து மீனவர்கள், தங்கள் வயிற்றுப் பிழைப்புக்கு இருந்த படகுகளை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். இராணுவத்தாரும் பேரிடர் மீட்புப் படையாரும் வந்தார்கள். மாடி வீட்டுக்காரர், அதுவரையில் பெயர்கூடக் கேட்டறியாத கீழ் வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு மேலே ஏற்றிக்கொண்டு, இருந்த அரிசியைப் பொங்கிப் பகிர்ந்துகொண்டார். பள்ளிவாசலும் மாதாகோவிலும் கலியாண மண்டபமும் சாதி மதம் கேளாமல் திறந்துவிடப்பட்டன. தண்ணீர் வடிந்த பிறகு தெருத் தெருவாய்க் குவிந்து கிடந்த சேற்றையும் குப்பையையும் வாருவதற்குப் பிற ஜில்லாக்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். இவர்களல்லவா ஆபத்துக்கு உதவிய சிநேகிதர்கள்?

ஆனால் நம்மவர்களில் பலர் என்ன செய்தார்கள்? "பகவான் காப்பாற்றினார்" என்று சொல்லிக்கொண்டு போய்த் தேங்காய் உடைத்தார்கள். காப்பாற்றியது பகவான் என்றால் 49 சென்டி மீட்டரை அனுப்பி வைத்தவர் யார் என்று நாம் கேட்டால் நாஸ்திகன் என்று சொல்லுவார்கள். அது போகட்டும். ஏரிக்குள் மனை பிரித்து விற்றவன் எவன், கால்வாயைத் தூர்த்தவன் எவன் என்றாவது கேட்டிருக்கலாமே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே முடிச்சூரும் அதே வரதராஜபுரமும் மறுபடியும் தண்ணீரில் நின்றன. மறுபடியும் மனிதர்கள்தான் வந்து தூக்கினார்கள். மறுபடியும் தேங்காய்தான் உடைந்தது.

இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று இருக்கிறது. நமது புறநகர்களில் இன்றைக்கும் சில வீட்டு வாசல்களில் "வீடு வாடகைக்கு விடப்படும், சைவம் மட்டும்" என்று பலகை தொங்குவதைப் பார்க்கலாம். வெள்ளம் இடுப்பளவு வந்தபோது மீனவர் படகில் ஏறிக்கொள்ளலாம். அந்தப் படகின் மீன் நாற்றம் அன்றைக்கு ஒருவர் மூக்குக்கும் தெரியவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு மீன் குழம்பு வைக்கிறவர் மாத்திரம் அந்த வீட்டில் குடிவரக் கூடாதாம்! இப்படிப்பட்ட பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் பொங்கல் வைத்துச் சூரியனுக்கு நன்றி செலுத்தினால், அந்த நன்றிக்கு என்ன அர்த்தம்? சூரியனுக்கு நம் நன்றி தேவையுமில்லை, அது வந்ததும் போனதும் அதற்குத் தெரியவும் தெரியாது. செல்போனில் கரும்புப் படம் ஒன்றை முந்நூறு பேருக்குத் தட்டிவிட்டு, சிநேகிதக் கடன் தீர்ந்ததென்று நினைக்கிறவர்களைப் பற்றி நாம் தனியாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நிற்க, வீட்டுக்கு வெளியே இப்படியென்றால் வீட்டுக்குள்ளே எப்படியிருக்கிறதென்று பார்ப்போம்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். மாலை போடுகிறோம். முக்கியமாக, அன்றைக்கு அதன் கழுத்தில் ஏர் பூட்டுவதில்லை, வண்டி பூட்டுவதில்லை. வருஷமெல்லாம் உழைத்த மாட்டுக்குச் செலுத்தும் நன்றி, அதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதுதான் என்பதை எந்தக் காலத்திலோ நமது குடியானவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அதே வீட்டில் அந்த மாட்டுக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிற பெண்ணுக்கு என்றைக்கு ஓய்வு? போகியன்று ஒட்டடை அடித்து, வீடு கழுவி, பழைய சாமான்களை ஒழித்துப் போடுகிறவள் அவள். பெரும் பொங்கலன்று கோழி கூவுமுன் எழுந்து கோலம் போட்டு அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தான். மாட்டுப் பொங்கலன்று வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு, காணும் பொங்கலன்று விடியற்காலையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறிக் கட்டிக்கொண்டு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளோடு நடக்கிறவளும் அவளேதான். மாட்டுக்குக் கிடைக்கிற ஒரு நாள் அவளுக்குக் கிடையாது. மாட்டுக்கு மாலை போட்ட கையாலேயே, "காப்பி இன்னும் ஆகவில்லையா?" என்று கதவைத் தட்டுகிறார்கள்.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிற குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுவோம். மெப்ஸ் வளாகத்துக் கம்பெனிகளில் ஆணும் வேலை செய்கிறார், பெண்ணும் வேலை செய்கிறார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே பத்து மணி நேரம் தூக்கமில்லாமல் போய் இறங்குகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும், "பிள்ளை களைத்து வந்திருக்கிறான், தூங்கட்டும்" என்று பாய் விரிக்கப்படுகிறது. மருமகள் முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போக வேண்டியது. களைப்பு என்பது ஆண் உடம்புக்கு மாத்திரம் வருகிற வியாதி போலும்!

இது ஏதோ நாம் ஆத்திரத்தில் சொல்லுவதென்று நினைக்க வேண்டாம். 2024ம் வருஷம் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரி 289 நிமிஷமும், அப்படி ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுவதாகக் காணப்படுகிறது. அடுப்படிப் பக்கமே தலைகாட்டாத ஆண்கள் இந்த 88இல் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இது சாதாரண நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. பொங்கல் நான்கு நாளைக்கு மாத்திரம் தனிக்கணக்கு எடுத்தால் என்ன வரும் என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சிலர், "தாயும் மனைவியும் அன்பினால் செய்கிறார்கள், அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா? நாங்கள் தாயைத் தெய்வமாகவல்லவா மதிக்கிறோம்" என்று சொல்லுவார்கள். அன்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. அன்பு இரண்டு பக்கமும் இருக்குமானால் வேலை மாத்திரம் ஏன் ஒரு பக்கமாகவே இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். தெய்வமாக மதிக்கிற சங்கதியிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. தெய்வத்துக்குக் கால் வலிக்காது, தூக்கம் வராது, அது கூலியும் கேட்காது. ஆதலால் ஒருவரை வேலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அவரைத் தெய்வமாக்கிவிடுவதைப் போன்ற மலிவான வழி வேறில்லை. 2023 செப்டம்பர் 15ந் தேதி தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது அதற்கு "உதவித் தொகை" என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்தார்கள். தொகை போதுமா போதாதா என்பது வேறு விஷயம். அந்தப் பெயரிலிருக்கிற நியாயத்தை வீட்டிலிருக்கிற ஆண்பிள்ளைகள் தங்கள் அடுப்படி வரையில் கொண்டுபோகிறார்களா என்பதே நமது கேள்வி.

இனி, கூடப் பிறந்தவர்களைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. இதுதான் முக்கியமானது.

பொங்கல் சமயத்தில் கலியாணமாகிப் போன தங்கைக்கும் அக்காளுக்கும் அண்ணன் தம்பிமார்கள் சீர் கொண்டுபோகிறார்கள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. அவளும் சில குடும்பங்களில் மறுநாள் மஞ்சள் இலையில் கணுப்பிடி வைத்துக் காக்கையைக் கூப்பிட்டு, கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகிறாள். பார்ப்பதற்கு வெகு அழகான காட்சிதான். ஆனால் இந்த அழகுக்குப் பின்னால் ஒரு பத்திரம் இருக்கிறது. அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்றால், சொத்திலுள்ள பாகத்திலிருந்து தங்கைக்கு விடுதலை!

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை முதலிய ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த கிராமங்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் வந்தது. பிறகு படிப்படியாகக் கழனிகள் மனைகளாயின. மரக்கால் கணக்கில் நெல் கொடுத்த நிலம் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அப்பொழுதுதான் தங்கையின் கையெழுத்துக்கு விலை ஏற்பட்டது. விலை ஏற்பட்டது சொத்துக்கே ஒழியத் தங்கைக்கல்ல. "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே, வருஷா வருஷம் சீர் வருகிறதே, அண்ணன் செய்ததற்கு நன்றி வேண்டாமா?" என்று சொல்லி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் எத்தனை! கேட்க வேண்டிய பாகத்தைக் கேட்டால் அவள் நன்றி கெட்டவள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போய்விடும். அடுத்த பொங்கலுக்குச் சீர் வராது. அவளுக்குப் பயம் பாகத்தைப் பற்றியதல்ல. அந்த வாசலைப் பற்றியதுதான்.

இதே இரயில் பாதையில் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற செங்கற்பட்டில் 1929ம் வருஷம் பிப்ரவரி மாதம் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அன்றைக்குச் சிரித்தவர்கள் அநேகர். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பாகம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வருவதற்கு 1989 வரையில் 60 வருஷம் ஆயிற்று. அதிலும், அதற்கு முன்பே கலியாணமானவர்களுக்குக் கிடையாதென்று ஒரு கதவைச் சாத்தி வைத்தார்கள். 2005இல் இந்தியா முழுவதற்கும் ஆன திருத்தத்தில் அந்தக் கதவு திறந்தது. மகளுக்குப் பிறப்பினாலேயே பாகம் உண்டு, 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்கிற அவசியமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டு 11ந் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் பாக்கி ஒன்றுமில்லை. பாக்கி இருப்பதெல்லாம் வெல்லத்திலும் கரும்பிலுந்தான்.

தங்கை தன் பாகம் இன்னதென்று தெரிந்து, அதன் மதிப்பும் தெரிந்து, அண்ணன் ஏழை என்றோ, தகப்பனாரைக் கடைசி வரையில் வைத்துக் காப்பாற்றினவன் என்றோ மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நமக்கு ஆட்சேபணையில்லை. அது அவள் சொத்து, அவள் இஷ்டம். அப்பொழுது நன்றி சொல்ல வேண்டியவன் அண்ணன். ஆனால் இப்பொழுது நடப்பது தலைகீழ். கொடுக்கிறவள் நன்றி சொல்லுகிறாள். வாங்கிக்கொள்ளுகிறவன் புடவை எடுத்துக் கொடுத்துப் பெரிய மனிதனாகிறான்.

பொங்கல் விடுமுறை கழிந்தால் சார்பதிவாளர் ஆபீசு திறந்துதான் இருக்கும். இவ்வருஷம் சீர் கொண்டுபோகிற தோழர்கள் கரும்புக் கட்டோடு, குடும்பச் சொத்தின் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும். தங்கையை உட்காரவைத்து, "மொத்தம் இவ்வளவு, இதில் உன் பாகம் இவ்வளவு, இன்றைய விலை இன்னது" என்று படித்துக் காட்டி, அவள் என்ன சொல்லுகிறாள் என்பதை அவள் வாயாலேயே கேட்கட்டும். கேட்டு முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரையில் அடுப்பில் இருக்கிற பானையை மைத்துனர் பார்த்துக்கொள்ளுவார்.